விரைவில் வரும்

தீர்த்தகிரி என்றொரு பையன்
அரூரிலிருந்து எழுதியிருக்கிறான்:
"அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தேன்.
நாலாவது வரியில் நின்றுவிடுகிறது."

நான் சொன்னதா?
பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்,
தமிழில்: ந. கௌரம்மா, தேன்கனிக்கோட்டை.
ஆமாம், நான்தான்.
மூன்று வருடத்துக்கு முந்தைய நான்.

அந்தக் கட்டளையை
இங்கிலீஷில் போன ஆடியிலேயே எடுத்துவிட்டார்கள்.
எடுத்ததற்கு ஒரு வரி வருத்தமும்
பதிலுக்கு வேறொரு கட்டளையும் அங்கே உண்டு.
தமிழில் அது இன்னும் இருக்கிறது,
செத்தவர் பெயர் ரேஷன் கார்டில் இருப்பதுபோல.

அதற்கும் மேலே ஒரு குறிப்பு:
"கோப்பு ஏற்றும் வசதி விரைவில் வரும்."
படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.
அது வந்தது.
ஐந்தாம் பதிப்பில் வந்து
ஆறாம் பதிப்பில் போயும் விட்டது.
தமிழில் மட்டும்
விரைவில் வரும்.

முதல் எட்டுப் பக்கம் நான்.
'கூறு' என்று வைத்தேன்.
ஒன்பதிலிருந்து பர்கூர் இல்யாஸ்.
அவர் 'உறுப்பு' என்றார்.
இல்யாஸுக்குக் குழந்தை பிறந்த பிறகு வந்தவர்
பெயர் போடவில்லை, 'பாகம்' என்று எழுதிப் போய்விட்டார்.
மூன்றும் ஒன்றுதான்.
தீர்த்தகிரியோ ஒரு நோட்டில்
மூன்றுக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கி
கூறு எங்கே முடிந்து உறுப்பு எங்கே தொடங்குகிறதென்று
அம்பு போட்டுப் படம் வரைந்து
போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான்.
சரிதானா என்று கேட்கிறான்.
அழகான படம்.
அப்படியொரு வேறுபாடு இருந்திருக்கலாம்.

வீட்டில் எனக்குக் கன்னடம்,
கடைவீதியில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ்.
மேல்மூலையில் மொழிப்பட்டியலைத் திறந்தால்
கன்னடத்தில் தலைப்பு மட்டும் கன்னடம்.
தெலுங்கு, நிறுவுவதோடு முடிகிறது:
நிறுவியாயிற்று, வாழ்த்துகள், அவ்வளவுதான்.
ஓசூர் பக்கத்துப் பஸ்ஸில்
மூன்று மொழியில் போர்டு இருந்தாலும்
வண்டி ஒரே ஊருக்குத்தான் போகும்.
இங்கே தெலுங்குக்காரர் சூளகிரியில் இறக்கிவிடப்படுகிறார்.
தமிழ்க்காரர் கிருஷ்ணகிரி பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று
புதியதிலிருந்து கிளம்பும் வண்டிக்குக் காத்திருக்கிறார்.

ரோஜாப் பெட்டிகளின் பில் முடிந்தபோது
மணி பதினொன்று.
நாலாவது வரியைத் திருத்தலாமென்று உட்கார்ந்தேன்.
நாலைத் தொட்டால் ஐந்து பொய்யாகிறது,
ஐந்தைத் தொட்டால் அடுத்த பக்கம்.
மொத்தம் நாற்பத்தொரு பக்கம்.
சரி, உச்சியில் ஓர் எச்சரிக்கையாவது போடுவோம்.
இந்தப் பக்கம் பழையது என்று சொல்ல
அவர்களிடம் ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறது.
அதை யாரும் தமிழாக்கவில்லை.

'காலாவதி' என்று அடித்தேன்.
மாத்திரை அட்டை ஞாபகம் வந்தது.
'பின்தங்கியது' என்று அடித்து உடனே அழித்தேன்.
எங்கள் மாவட்டத்தின் பெயருக்கு முன்னால்
புத்தகத்தில் நான் படித்த சொல்.
அந்த மாவட்டமும் மாறிவிட்டது,
பிறப்புச் சான்றில் நான் தருமபுரி,
ஆதாரில் கிருஷ்ணகிரி.
ஊர் ஓரடி நகரவில்லை.

கடைசியில் இப்படி வைத்தேன்:
"இங்கே எழுதியிருப்பது அன்றைக்குச் சரி."

அவனுக்கும் எழுதினேன்.
தப்பு உன்னுடையதல்ல, என்னுடையது.
பதில் உடனே வந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது.
"பரவாயில்லை அக்கா.
தமிழுக்குப் பொருந்துகிற பழைய பதிப்பையே
தேடி இறக்கிக்கொண்டேன். ஓடுகிறது.
மாமாவின் மரவள்ளி எடைச்சீட்டெல்லாம்
இப்போது திரையில் வருகிறது."

எழுத்தைத் திருத்த நான் உட்கார்ந்திருக்க
எழுத்துக்கு ஏற்றபடி
மென்பொருளைத் திருத்திவிட்டான் பையன்.
சிரிப்பதா என்று தெரியவில்லை.
பழைய பதிப்பில் ஓட்டைகள் உண்டு,
பூட்டு சரியில்லாத கதவுபோல.
அதைச் சொல்லும் பக்கமும்
இங்கிலீஷில்தான் இருக்கிறது.

கீழே இன்னொரு வரி:
"கோப்பு ஏற்றும் வசதி எப்போது வரும் அக்கா?"

எந்தப் பதிப்பிலிருந்து பதில் சொல்வது?
அதை அப்படியே விட்டு
என்னுடைய முதல் பக்கத்தைத் திறந்தேன்.
இல்யாஸின் சொல்தான் நல்ல சொல்.
'கூறு' எல்லாவற்றையும் எடுத்து
'உறுப்பு' வைக்கத் தொடங்கினேன்.
ஏழாவதில் நிறுத்தினேன்.
முதலில் அந்தப் படத்துக்கு
நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.